தேக்கில் ஓர் அலமாரி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
15.6.2025

அன்பு மருமகள் செந்தமிழ்ச்செல்விக்கு,

உன் தாய்மாமன் ராஜா எழுதிக்கொள்வது. நீ நாமக்கல் விடுதிக்குச் சவுகரியமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பஸ் கிளம்பும் முன்பே கண்டக்டரைத் தனியாக அழைத்து, "இந்தப் புள்ள யாருன்னு நெனைச்ச, நாளைக்கு இந்தியாவுக்குப் பளு தூக்கப் போவுது" என்று சொல்லி வைத்தேன். அந்த ஆள் டிக்கெட் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். அப்படியும் நீ நின்றுகொண்டே போகிற மாதிரி ஆகியிருந்தால், விழுப்புரத்தில் கண்டக்டர் மாறியிருப்பார்.

உங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. அன்றைக்குப் பார்த்து அரிசி மண்டியில் லாரி மேல் லாரி. நாற்பது லாரி நின்றது, கடைசி லாரி முதலியார்பேட்டையில் நின்றது. துணி மில் மூடின பிறகு எத்தனையோ பேர் மூட்டை தூக்க வந்தார்கள். ஆனால் உங்கப்பா கண்ணையன் இல்லையென்றால் நெல்லித்தோப்பு மண்டியில் ஒரு மூட்டை நகராது. எழுபத்தைந்து கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு அரசியல் பேசுவார். உனக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? பாதி அவர், பாதி நான். நான் வாட்ச்மேனாக இருக்கிற லாட்ஜில் ஒரு பியானோ இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துப் பியானோ. ஆறு பேர் அசைத்தும் அசையாததை நான் ஒருவன் மாடிக்குக் கொண்டுபோனேன்.

இப்போது ஒரு ரகசியம். ஜனவரியில் பெற்றோர் தினத்துக்கு உங்கள் விடுதிக்கு வந்துவிட்டு வந்தாரே, அதிலிருந்து உங்கப்பா வேறு ஆள். உன் மெடல்களை வைக்க ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறார். தேக்கு. கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு எரியும். உங்கம்மா, என் கொளஞ்சி அக்கா, உயிரோடு இருந்திருந்தால் அதன் முன்னால் கோலம் போட்டிருப்பாள்.

உங்கள் விடுதியில் பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நல்ல சட்டம். அதனால்தான் என் கையெழுத்து உனக்குக் கிடைக்கிறது. கீழே பார். ஆறாவது படித்தவன் போடுகிற கையெழுத்தா இது? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கின சிப்பாய் ஒருவர், ஊரில் சொல்தா முசே என்பார்கள், அவர் கற்றுக்கொடுத்தது. மூன்று சுழி, ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. இதைப் போட்டால் எந்த ஆபீசிலும் எழுந்து நிற்பார்கள்.

உன் மாமன்
ராஜா


நாமக்கல்
29.6.2025

அன்புள்ள ராஜா மாமாவுக்கு,

சேலம் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன். பரவாயில்லை, காலுக்கு நல்லது என்று எங்கள் புது கோச் செம்மல் சார் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் வார்டன் மேடம் போனில் பேசவிடுகிறார்கள். பதிவு செய்த நம்பருக்கு மட்டும், அப்பா நம்பருக்கு. எடுத்தார். "சாப்டியா" என்றார். "சாப்ட்டேன், நீங்க" என்றேன். "ம்" என்றார். மீதி நாலரை நிமிஷம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அலமாரியைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நிஜமாகவே செய்கிறாரா மாமா?

முக்கியமான விஷயம். ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் என்னையும் சேலத்துப் பெண் ஒருத்தியையும் வைத்திருக்கிறார்கள். ஸ்நாட்ச்சில் நான் அறுபத்திரண்டு, அவள் அறுபது. செப்டம்பரில் வடநாட்டில் பெரிய பயிற்சி முகாம், ஒருவருக்குத்தான் இடம். நான்தான் என்று சார் சொல்லிவிட்டார். ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து பதிவேட்டில் சம்மதம் தர வேண்டும். ஆகஸ்ட் பத்தாம் தேதி. சித்தப்பா, மாமா யாரும் செல்லாது என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். என்னைச் சேர்க்கும்போது அம்மா வந்தாள். இப்போது அப்பா ஒருவர்தான்.

எப்படியாவது அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள் மாமா. நான் கேட்டால் வரமாட்டார்.

செல்வி


நெல்லித்தோப்பு
12.7.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை லாட்ஜில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஐந்தாம் நம்பர் அறையில் இருக்கிற வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ் தெரியாது, ஆனாலும் உணர்ச்சி இருக்கிறதே.

நேற்று மண்டிக்கே போய் உங்கப்பாவிடம் பேசினேன். மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்தார் பார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்நாட்ச் என்றால் என்ன, ஒரே மூச்சில் தலைக்கு மேலே போக வேண்டுமா, நடுவில் தோளில் நிறுத்துவது எது, எல்லாம் கேட்டார். இப்போது தினமும் சாயந்திரம் யார் போனிலாவது பளு தூக்குகிற வீடியோ பார்க்கிறார். ரஷ்யாக்காரிகள் பேரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு இடத்தில்தான், "நான் தூக்குனா கூலி. அது தூக்குனா இன்னா ராஜா?" என்றார். இது பெருமையில் சொன்னது. எழுதினால் வேறு மாதிரித் தெரியும், சொன்ன விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பத்தாம் தேதி அவரும் நானும் வருகிறோம். சட்டை துவைக்கப் போட்டாகிவிட்டது. அலமாரி வேலையும் முடிந்தது. நம்பமாட்டாய் என்று படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். விளக்கு எரிவதைப் பார்.

ராஜா


நாமக்கல்
24.7.2025

மாமாவுக்கு,

படம் கிடைத்தது. ஓரத்தில் ஒரு ஓலைத் தொப்பி தொங்குகிறது. பக்கத்துக் கதவில் பித்தளையில் ஐந்து என்று போட்டிருக்கிறது. நம் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. விடுதித் தோழி நூரீனிடம் காட்டினேன், அவளும் நம் பக்கம்தான், காரைக்கால், பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அப்பா ஏன் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

ஜனவரியில் அப்பா வந்தபோது மேஜையில் பதிவேடு வைத்து, வருகிற பெற்றோர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா முறை வந்தது. பேனாவை நீட்டினார்கள். அவர் கையை நீட்டினார். மேஜைக்காரர் மையைத் தேடி உள்ளே போனார். அதுவரை வரிசை முழுக்க நின்றது. ஒரு சின்னப் பையன், "அவருக்கு எழுதத் தெரியாதாம்மா" என்று கேட்டான். அப்பா பெருவிரலை உருட்டி வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். மண்டியில் எல்லாரும் அப்படித்தான் துடைப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

அப்போது நூரீன் என் பக்கத்தில் வந்து, "யாருடி, உங்க அப்பாவா" என்றாள். "இல்ல, எங்க தெரு ஆளு. அப்பாவுக்கு முடியல, இவரை அனுப்பியிருக்காங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா பின்னால் நிற்கிறார், கையில் ஒரு பையோடு. கேட்டதா கேட்கவில்லையா என்று முகத்தில் எதுவும் இல்லை. அன்றைய போட்டியில் நான் தூக்குவதைக் கடைசி வரைக்கும் பார்த்தார். மெடலை அவர் கையில் கொடுத்தேன். பையை என் கட்டிலில் வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பையில் ஒரு இடுப்புப் பட்டை. மில் கேன்வாஸில் நாலு மடிப்பு வைத்து அவரே கையால் தைத்தது. மூட்டை தூக்குகிறவர்கள் கட்டுவது மாதிரி, நாடா வைத்து. இங்கே எல்லாரும் கொக்கி வைத்த தோல் பெல்ட் போடுகிறார்கள். அதை நான் ஒரு நாளும் கட்டவில்லை. பெட்டியின் அடியில் இருக்கிறது.

அன்றைக்கு அவர் காதில் விழுந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இருப்பதைச் சொல்லுங்கள்.

செல்வி


நெல்லித்தோப்பு
3.8.2025

அன்பு மருமகளுக்கு,

இதற்கா இத்தனை கவலை? அவர் காதில் எதுவும் விழவில்லை. இருபத்தைந்து வருஷம் மில்லில் தறிச் சத்தத்தில் நின்ற காது அது. பக்கத்தில் வெடி வெடித்தால் யாரோ கூப்பிட்டார்களா என்று கேட்பார். நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "புள்ள நல்லா தூக்குச்சு" என்றார். அவ்வளவுதான். அதில் ஏதாவது குறை தெரிகிறதா உனக்கு?

பட்டையைப் பற்றியும் ஒரு நாள் கேட்டார். தினமும் கட்டுகிறாய் என்றும், அதைக் கட்டின பிறகுதான் அறுபத்திரண்டு ஏறியது என்றும், கோச்சே நூரீனுக்கு ஒன்று தைக்கச் சொல்லிக் கேட்கிறார் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் நீ ஒரு நாளாவது கட்டிவிடு, கணக்கு சரியாகிவிடும்.

அந்தப் படம் மாதிரிக்கு எடுத்தது. இதைப் போலச் செய்யலாமா என்று உங்கப்பாவுக்குக் காட்ட எடுத்தேன். தவறி உனக்கு வந்துவிட்டது.

பத்தாம் தேதிக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். நீ தூக்குவதில் மட்டும் மனதை வை. கையெழுத்துப் பாரத்தை இந்த ராஜாவிடம் விடு.

ராஜா


நாமக்கல்
15.8.2025

மாமாவுக்கு,

பத்தாம் தேதி மைதானத்துக்கு வந்து, "உங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு, லாரி வந்துடுச்சுன்னு போன் வந்துது, ஓடிட்டாரு" என்றீர்கள். நான் நம்பினேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நாலு நாள் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அறுபத்தைந்து தூக்கினேன்.

நேற்று அன்னக்கிளி மேடம் கூப்பிட்டார்கள். எங்கள் வார்டன். மேஜை மேல் இரண்டு பதிவேடு. ஒன்றில் ஜனவரியில் வைத்த பெருவிரல், பக்கத்தில் தந்தை என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் உங்கள் மூன்று சுழி, வால், இரண்டு புள்ளி, பக்கத்தில் கண்ணையன், தந்தை. "ஏழு மாசத்துல உங்கப்பா இவ்வளவு நல்லா எழுதக் கத்துக்கிட்டாரா" என்று கேட்டார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்டபோது நீங்கள் பேனாவை மூடி மேஜைக்காரருக்கு விளக்கம் வேறு சொன்னீர்களாம். அதனால்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கீறல் கீறிவிட்டுப் போயிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் மாமா.

அது என் மாமா என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் வந்தவர்தான் அப்பா என்றேன். மேடம் நூரீனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அவரு அவங்க தெரு ஆளுன்னு செல்விதான் சொன்னா மேடம்" என்றாள்.

இப்போது அவர்களுக்கு நான் சொல்கிற எதுவும் நம்பிக்கை இல்லை. அப்பா என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், ஒருவரை அப்பா இல்லை என்று நான் சொன்னேன், இன்னொருவர் அப்பா இல்லை. அப்பாவின் ஆதார் ஜெராக்ஸில் முகம் கறுப்பாக இருக்கிறது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. செம்மல் சார் பேசிப் பேசி ஒரு தவணை வாங்கித் தந்திருக்கிறார். ஆகஸ்ட் முப்பதுக்குள் அப்பா அசல் ஆதாரோடு நேரில் வர வேண்டும். வந்து, என் பக்கத்தில் நின்று, இது என் பெண் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சேலத்துப் பெண்.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் நூரீனிடம் சொன்னதையும் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

செல்வி


நெல்லித்தோப்பு
20.8.2025

அன்பு மருமகளுக்கு,

அந்த மேஜைக்காரருக்குக் கையெழுத்தின் மதிப்பு தெரியவில்லை. சரி, விடு.

சொல்லிவிட்டேன். மண்டியில் கூட்டம் போன பிறகு உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். நான் போய் அவர் பேரைச் சொன்னதைச் சொன்னதும், "நீ எதுக்குடா எம்பேர சொன்ன" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. நீ நூரீனிடம் சொன்னதை நான் ஆரம்பிக்கும்போதே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "அது எனக்குத் தெரியும், மேல சொல்லு" என்றார்.

அவர் காது நன்றாகத்தான் இருக்கிறது செல்வி.

அதற்கப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பட்டைய கட்டுதுன்னு சொன்னியே, அதாவது நெசமா?" நான் ஆமாம் என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து ஏதோ பழைய சாமானை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தைரியமாக இரு. அவர் வரவில்லை என்றால் நானே மறுபடி வந்து அந்த ஆபீசர் காலில் விழுந்தாவது காரியத்தை முடிக்கிறேன். எனக்கு ஆபீசர்கள் புதிதல்ல.

ராஜா


நாமக்கல்
23.8.2025

மாமா,

நீங்கள் வராதீர்கள். வந்தால் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் நான் வெளியே வரமாட்டேன். அப்பா மட்டும் வரட்டும்.

செல்வி


நாமக்கல்
1.9.2025

மாமாவுக்கு,

இருபத்தொன்பதாம் தேதி காலை பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நூரீன் வந்து, "கேட்ல பாண்டியிலேருந்து ஒருத்தர் வந்திருக்காராம். அப்பான்னு சொல்லலையாம்" என்றாள். அப்பா என்று சொல்லாமல் பாண்டியிலிருந்து வருகிறவர் வேறு யார்? வராதீர்கள் என்று எழுதியும் வந்துவிட்டீர்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எனக்கு யாரையும் தெரியாது, போகச் சொல்லு" என்றேன். நூரீன் அப்படியே எங்கள் கேட் வாட்ச்மேனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

நான் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் வாட்ச்மேன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். தோல் பெல்ட். மில் இயந்திரத்தில் ஓடுகிற வாரை அறுத்து, உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்து, கொக்கி போட்டு. ஜனவரியில் எல்லார் இடுப்பிலும் பார்த்திருக்கிறார்.

ஓடிப்போய் கேட் நோட்டைப் பார்த்தேன். பெயர் என்கிற இடத்தில் பெருவிரல். உறவு என்கிற இடத்தில் வாட்ச்மேன் எழுதியிருக்கிறார், தெரு ஆள்.

"நான் யாருன்னு கேட்டேம்மா. தெரு ஆளுன்னு சொல்லுங்க, புள்ளைக்குப் புரியும், அது வந்து என்ன சொல்லுதோ அதான்னாரு. சட்டப் பையில ஆதார் இருந்துது, எடுத்துக் காட்டல. நீ தெரியாதுன்னு சொல்லி அனுப்புனதும், சரி, இத மட்டும் குடுத்துடுங்கன்னாரு. அப்பறமும் மூணு மணி வரைக்கும் அந்த வேப்ப மரத்தடியில உட்காந்திருந்தாரு." இதை வாட்ச்மேன் சொன்னபோது நான் அந்த மரத்தைப் பார்த்தேன். பயிற்சிக் கூடத்துச் சுவரிலிருந்து எண்பது அடி இருக்கும்.

மறுநாள் மேடம் போனை வாங்கி அப்பாவுக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. செம்மல் சாரும் அடித்தார். முப்பதாம் தேதி ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடினார்கள்.

சேலத்துப் பெண் பெட்டி கட்டிவிட்டாள். என் ஷூவைக் கேட்டாள், அவளுடையது கிழிந்துவிட்டது. கொடுத்தேன்.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். தெரியாது என்று சொன்னது நீங்கள் இல்லையே, நான்தானே. இரண்டு தடவையும் நான்தான்.

செல்வி


நெல்லித்தோப்பு
21.9.2025

செல்விக்கு,

இருபது நாளாக எழுதி எழுதிப் பார்த்தேன். எழுத ஆரம்பித்தால் கை தானாக எங்கேயோ போய்விடுகிறது. இந்தத் தடவை நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நாற்பது லாரி என்று எழுதினேனே, அன்றைக்கு லாரியே வரவில்லை. உங்கப்பா வீட்டில்தான் இருந்தார். நான் கூப்பிட்டேன், வரவில்லை. பளு தூக்குகிற வீடியோ எதையும் அவர் பார்த்ததில்லை. பியானோ இன்னும் கீழேதான் இருக்கிறது.

அவர் நாமக்கல்லுக்கு வந்தது எனக்குத் தெரியாது. உன் கடிதம் பார்த்துதான் தெரியும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வந்தது நான் என்று நினைத்துத்தான் நீ தெரியாது என்றாய், அவரைச் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், கடிதத்தைப் படித்தும் காட்டினேன்.

"நீயா எழுதிக்கினதா" என்றார்.

இல்லை மாமா, உங்கள் பெண் எழுதினது என்றேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் எழுத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு, "இரும்பு விழுற சத்தம் கேட்டுக்கினே இருந்துது ராஜா. எது நம்ம புள்ளையோடதுன்னு தெரியல" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் அடிக்கிறாய். அவர் கையில்தான் இருக்கிறது. எடுப்பதும் இல்லை, கட் பண்ணுவதும் இல்லை.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன வாரம் போனபோது பார்த்தேன், கேஸ் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு பலகை அடித்திருக்கிறார். பழப்பெட்டிப் பலகை, இழைக்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆணி இரண்டுதான். அதன் மேல் ஜனவரியில் நீ கொடுத்த மெடல் இருக்கிறது. புகை படாமல் இருக்கப் பால் கவரில் போட்டிருக்கிறார்.

தீபாவளிக்கு வா. வந்து நீயே பேசு. நான் நடுவில் வரமாட்டேன்.

ராஜா


நாமக்கல்
9.10.2025

மாமாவுக்கு,

தீபாவளிக்கு வரவில்லை. லீவில் இங்கேயே இருக்கிறவர்கள் பட்டியலில் பேர் கொடுத்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கோச்சிடம் சொல்லிவிட்டுப் பளு தூக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன். இடுப்பு வலி என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் பாதியை நம்புகிறேன். லாரி வரவில்லை, வீடியோ பார்க்கவில்லை, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார், எல்லாம் அப்பா மாதிரியே இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம் மாமா. முதலில் தேக்கு, கண்ணாடிக் கதவு. இப்போது பழப்பெட்டிப் பலகை, இரண்டு ஆணி. நான் நம்ப வேண்டும் என்று மரத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். பால் கவரை எப்படி யோசித்தீர்கள் என்றுதான் தெரியவில்லை. அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

படம் எடுத்து அனுப்ப வேண்டாம். அந்த ஐந்தாம் நம்பர் கதவு ஞாபகம் வரும்.

இனிமேல் அப்பாவைப் பற்றி எழுதாதீர்கள். ஊரில் மழை பெய்ததா, லாட்ஜில் யார் வந்திருக்கிறார்கள், உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, அதையெல்லாம் எழுதுங்கள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளுங்கள்.

செல்வி